அதிர்ச்சிக்கு ஓய்வு கொடுப்போம்

ஓயாமல் பாரம் ஏற்றினால் வண்டி மாடு ஒரு நாள் நடுச்சாலையில் படுத்துக்கொள்ளும். பிறகு தார்க்குச்சியால் குத்தினாலும் வாலை முறுக்கினாலும் எழுந்திராது. சொற்களுக்கும் இந்த நியாயம் பொருந்தும் என்பது நம் அபிப்பிராயம். இரவு பகல் பாராமல் பாரம் இழுத்து இழுத்து, இப்போது படுத்துக்கொள்ளும் தறுவாயில் இருக்கும் ஒரு தமிழ்ச் சொல்லைப் பற்றியே இந்த வாரம் எழுத எண்ணினோம். அந்தச் சொல் 'அதிர்ச்சி'.

நேயர்கள் இன்றைய பத்திரிகையைச் சற்றுப் புரட்டிப் பார்க்கலாம். அல்லது கைத்தொலைபேசியில் வரும் செய்திகளைத் தள்ளிப் பார்க்கலாம். தங்கம் விலை ஏறினால் இல்லத்தரசிகள் அதிர்ச்சி. இறங்கினால் வியாபாரிகள் அதிர்ச்சி. ஏறாமலும் இறங்காமலும் இருந்தால் நிபுணர்கள் அதிர்ச்சி! ஒரு நடிகர் தாடி வளர்த்தால் ரசிகர்கள் அதிர்ச்சி; அதை அவர் மழித்துவிட்டாலும் அதிர்ச்சிதான். இவ்வளவுக்கும் நடுவில், ஓர் ஊரில் பட்டாசு ஆலை வெடித்துக் கூலிக்குப் போன பெண்கள் மாண்டார்கள் என்று ஒரு செய்தி வருகிறது. அதற்கும் தலைப்பில் அதே சொல். படிப்பவன் தாடியைக் கடந்து போன வேகத்திலேயே இதையும் கடந்து போகிறான். அவன் மனம் கல்லாகிவிட்டதென்று சொல்வது நியாயமன்று. கூப்பிட்ட குரல் ஒன்றாகவே இருந்தால் எதற்கு எழுந்து ஓடுவது, எதற்கு உட்கார்ந்திருப்பது என்று காதுக்கு எப்படித் தெரியும்?

அந்தச் சொல்லின்மீது நமக்கு விரோதம் ஒன்றுமில்லை. அது நல்ல குடியில் பிறந்த சொல். 'அதிர்வு', 'விதிர்ப்பு' என்னும் இரண்டும் நடுக்கத்தைக் குறிக்கும் என்று தொல்காப்பியர் உரியியலில் விதி செய்திருக்கிறார். முரசு அதிர்கிறது, தேர் ஓடினால் வீதி அதிர்கிறது, இடி இடித்தால் ஜன்னல் கதவு அதிர்கிறது. அப்படியே ஒரு செய்தியைக் கேட்டு மனிதனின் உள்ளும் புறமும் நடுங்குமானால் அதுவே அதிர்ச்சி. மின்சாரம் தாக்கியவனுக்கும், விபத்தில் இரத்தம் இழந்து உடல் குளிர்ந்தவனுக்கும் நேருவதை அந்தச் சொல்லால் சொல்வது முற்றிலும் பொருத்தம். ஆனால், தாடியைக் கண்டு யாருடைய ஜன்னல் அதிர்ந்தது?

நிற்க. வியப்புக்குள்ளே வகை உண்டு என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் ஒன்று மருட்கை. அறிவு கைகொடாமல் மயங்கி நிற்கும் நிலை அது. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கு காரணங்களால் மருட்கை பிறக்கும் என்று ஆசிரியர் வரையறை செய்கிறார். முன்பு காணாத ஒன்றைக் கண்டால் வியக்கிறோம், அது புதுமை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் வியக்கிறோம், அது பெருமை. அரிசி ஒன்றில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் எழுதிக் காட்டுகிறவனிடம் வியக்கிறோம், அது சிறுமை. நேற்று முருங்கை மரத்தில் அருவருப்பாய் ஊர்ந்த புழு, இன்று சிறகு விரித்துப் பறந்தால் வியக்கிறோம். ஒன்று மற்றொன்றாக மாறும் அதுவே ஆக்கம்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அச்சத்தை அவர் இந்த மருட்கையோடு கலக்கவில்லை. அதற்குத் தனி இடம் கொடுத்தார். இழவை, அதாவது நமக்கு உரிய ஒன்றையோ ஒருவரையோ இழப்பதை, இவை இரண்டிலும் சேர்க்காமல் அழுகையின்கீழ் வைத்தார். வியந்து நிற்பவன் ஒருவன், அஞ்சி நடுங்குபவன் வேறொருவன், இழந்து அழுபவன் மற்றும் ஒருவன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, 'அதிர்ச்சி அடைந்தவர்கள்' என்று சீட்டு ஒட்டுகிற சாமர்த்தியம் நம் காலத்துக்கே உரியது!

இலக்கணத்தை விட்டு வீட்டுக்கு வருவோம். வீட்டுத் தமிழில் இந்தச் செல்வம் இன்னும் அதிகம். ஒரு சிறு கதையை வைத்துக்கொண்டு அதைப் பரிசோதித்துப் பார்க்கலாம்.

ஒரு கிருகஸ்தர் மகள் கலியாணத்துக்காகப் பட்டணத்தில் நகை வாங்கிக்கொண்டு ரெயிலில் ஊர் திரும்புகிறார். விடியற்காலையில் யாரோ ஊர்ப் பெயரை உரக்கச் சொல்ல, தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு விழிக்கிறார். அவசரமாக இறங்குகிறார். வண்டி நகர்ந்த பிறகு கையைப் பார்க்கிறார். குடை இருக்கிறது, பெட்டி இல்லை. நெஞ்சு பகீர் என்கிறது. மேலே என்ன செய்வதென்று தெரியாமல், திகைப்பூண்டை மிதித்தவர்போல் மேடையிலேயே நிற்கிறார். கை கால் வெலவெலக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வீடு நோக்கி நடக்கும்போது, மனைவியிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று வயிற்றில் புளியைக் கரைக்கிறது. வாசலில் வந்து நின்ற அவரைப் பார்த்து, "என்ன, பேயறைந்தாற்போல் நிற்கிறீர்கள்?" என்கிறாள் அம்மாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குத் தலையில் இடி விழுந்தாற்போல் ஆகிறது. கலியாணத்துக்கு இருக்கும் நாளையும், மறுபடி புரட்ட வேண்டிய பணத்தையும் கணக்கிட்டு இருவரும் மலைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். மாலையில் ஒரு வாலிபன் பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறான். அதே வண்டியில் வந்தவன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, பெட்டியில் இருந்த விலாசத்தைப் பார்த்து விசாரித்து வந்திருக்கிறான். தம்பதிகள் வாயடைத்துப் போகிறார்கள். அடுத்த வீட்டுப் பாட்டி, "இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பிள்ளையா!" என்று மூக்கின்மேல் விரல் வைக்கிறாள்.

இந்தக் கதையில் வந்த சொற்களில் எதையாவது இடம் மாற்றி வைத்துப் பாருங்கள், பொருந்தாது. திடுக்கிடுதல் ஒரு கணம், திகைப்பு நீடிப்பது. பகீர் என்பது நெஞ்சில். வெலவெலப்பு கை கால்களில். புளி கரைவது இனி வரப்போவதை நினைத்து. இடி விழுவது வந்துவிட்டதைக் கேட்டு. மலைப்பு, ஒன்றின் அளவைக் கண்டு. வாயடைப்பதோ நன்மையாலும் நேரும், தீமையாலும் நேரும். பள்ளிக்கூட வாசலை மிதித்திராத பாட்டிமார்கூட இந்தச் சொற்களை மாற்றிப் போட்டுப் பேசினதில்லை. இவ்வளவையும் தள்ளிவிட்டு, "பெட்டியைத் தொலைத்த கிருகஸ்தர் அதிர்ச்சி; திரும்பக் கிடைத்ததால் இன்ப அதிர்ச்சி" என்று எழுதினால் காகிதம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் கிருகஸ்தர் காணாமற் போய்விடுவார்!

வடமொழியிலிருந்து வந்து நம் வீட்டில் குடியேறிய சொற்களிலும் இந்தக் கூர்மை இருக்கிறது. ஸ்தம்பம் என்றால் தூண்; தூணைப்போல் அசைவற்று நின்றவன் ஸ்தம்பித்தான். திக்கு மறந்து மயங்குவது திக்பிரமை. நேர்மாறாகத் திரும்பியது விபரீதம். 'எதனால்' என்று காட்டக் காரணம் இல்லாமல் நேர்ந்தது அகஸ்மாத்து. கண்ணுக்குப் புலப்படாதது அதிருஷ்டம். வருகிற வழி தெரியாமல் வருவதால் அல்லவா அதற்கு அந்தப் பெயர்? நிகழக்கூடும் என்று எண்ணியே பார்க்காதது அசம்பாவிதம். இந்தக் கடைசிச் சொல்லுக்கு நேர்ந்த கதி சற்று வேடிக்கையானது. "அசம்பாவிதம் நேராமல் இருக்க ஆயிரம் போலீஸார் நிறுத்தப்பட்டனர்" என்று படிக்கிறோம். எண்ணியே பார்க்காத ஒன்றுக்காக ஆயிரம் பேரை முன்கூட்டி நிறுத்துவது எப்படி என்பது நமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எதிர்பாராமையைச் சொல்லும் பழமொழிகளும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்றால், இரண்டு காரியம் ஒரே சமயத்தில் நேர்ந்தன, ஒன்றால் மற்றது நேரவில்லை என்று பொருள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்றால், நன்மையை நாடிய முயற்சியிலிருந்தே தீமை கிளம்பியது என்று பொருள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்றால், தேடியது பாதி வழியிலேயே கிடைத்தது என்று பொருள். திண்ணையில் கிடந்தவனுக்குத் திடுக்கென்று கலியாணம் என்றால், தேடவே இல்லை, ஆயினும் வந்து சேர்ந்தது என்று பொருள். மணமகனுக்கு அது நன்மையா தீமையா என்பதைப் பழமொழி சொல்லாமல் விட்டது அதன் பெருந்தன்மை!

இதுகாறும் சொன்னது சொல்வளத்தைப் பற்றி. இனிச் சொல்லப் போவது சற்றுக் கடினமான விஷயம். சம்பவம் மிகவும் பெரிதாக இருக்கும்போது, அதைக் குறிக்கும் சொல்லே தேவையில்லாமற் போகிறது.

நம் மகாகவிகளிடம் இதைப் பார்க்கலாம். மிதிலையில் இராமன் வில்லை முறித்தபோது சபையோர் பெரிதும் வியந்தார்கள் என்று கம்பர் விரித்துரைக்கவில்லை. அவன் வில்லைக் கையில் எடுத்ததைக் கண் கண்டது. அடுத்தபடியாக அது ஒடிந்த ஓசையைக் காது கேட்டது. இடையில் ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியில்தான் நம் வியப்பு முழுவதும் இருக்கிறது. கைகேயி வரம் கேட்ட இடத்தில், 'துணுக்கம்' என்ற ஒரு சொல்லைத் தொட்டுவிட்டு, பாம்பின் நஞ்சு ஏறி வலிமை ஒடுங்கிய யானையைப்போல் தசரதன் விழுந்ததை நம் கண்முன் காட்டிவிடுகிறார். இளங்கோவடிகளும் அவ்வாறே. கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்தவுடன், பாண்டியன் எவ்வளவு கலங்கினான் என்று அவர் வருணித்துக்கொண்டு நிற்கவில்லை. குடை தாழ்ந்தது, செங்கோல் தளர்ந்தது, தானே கள்வன் என்று மன்னன் சொன்னான், விழுந்தான். அவ்வளவுதான்.

இது மகாகவிகளுக்கு மாத்திரம் உரிய வித்தை என்று நேயர்கள் எண்ண வேண்டாம். நம் வகுப்பில் ஒரு சமயம், எதிர்பாராத ஒரு நிகழ்ச்சியைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னோம். பெரும்பாலான பிள்ளைகள் முதல் பத்தியிலேயே அதிர்ச்சி அடைந்து, கடைசிப் பத்தியில் பேரதிர்ச்சி அடைந்திருந்தார்கள். தமிழில் அவ்வளவாக மதிப்பெண் வாங்காத ஒரு பையன் மட்டும் தன் பாட்டனார் இறந்த செய்தி வந்த காலையை எழுதியிருந்தான். அவன் தாயார் அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாளாம். செய்தியைக் கேட்ட பிறகும் எழுந்திருக்கவில்லையாம். களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்துகொண்டிருந்தாளாம். தண்ணீர் தெளிவாகிவிட்டது, அம்மா நிறுத்தவில்லை என்று எழுதியிருந்தான். அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் திருத்த இரண்டு ஒற்றுப் பிழைகள் இருந்தன. நாம் திருத்தவில்லை. மதிப்பெண்ணை மட்டும் போட்டு, மறுநாள் வகுப்பில் அதைப் படித்துக் காட்டினோம். வகுப்பில் சத்தமே இல்லை.

தேசத்தின் சரித்திரத்திலும் இப்படி ஒரு நாள் உண்டு. 1948-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 30-ந் தேதி மாலை, டில்லியில் பிரார்த்தனைக்கு நடந்து சென்ற காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றிரவு ஜவஹர்லால் நேரு வானொலியில் தேசத்தோடு பேசினார். ஆங்கிலத்தில் அவரைக் காட்டிலும் சொல்வளம் மிக்க தலைவர்கள் அக்காலத்தில் அதிகம் பேர் இருந்ததில்லை. ஆயினும் அந்த இரவில் அவர் பெரிய சொல் எதையும் தேடவில்லை. நம் வாழ்விலிருந்து ஒளி போய்விட்டது என்றார். உங்களுக்கு என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றார். சற்று நேரத்தில், ஒளி போய்விட்டது என்று சொன்னது தவறு, அது சாமானிய ஒளியன்று என்று தம் வார்த்தையைத் தாமே திருத்திக்கொண்டார். ஒளி, இருள், நம் தந்தை: குழந்தைக்கும் விளங்கும் சொற்கள். கேட்டவர்கள் வீடுதோறும் அழுதார்கள். அன்று யாரும் தேசத்தைப் பார்த்து 'அதிர்ச்சி அடையுங்கள்' என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நம் கடற்கரையில் நேர்ந்ததையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் எழுந்து வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்குக் 'கடல்கோள்' என்ற பழைய சொல் நம் நூல்களில் இருந்தது. ஆனால் கரையில் வழக்கில் இல்லை. கடல் பொங்கிவிட்டது, கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்ற எளிய சொற்களில்தான் ஜனங்கள் அதைச் சொன்னார்கள். பிறகு ஜப்பானியச் சொல்லாகிய 'சுனாமி' பட்டிதொட்டியெங்கும் பரவியது. 'ஆழிப்பேரலை' என்று தமிழிலும் எழுதினார்கள். துறைமுக அலை என்பதுதான் அந்த ஜப்பானியச் சொல்லின் பொருள்.

அந்தச் சொல் இன்று என்ன வேலை செய்கிறது? தேர்தலில் ஒரு கட்சி வென்றால் அது அரசியல் சுனாமி. ஒரு சினிமாப் படம் நன்றாக ஓடினால் அது வசூல் சுனாமி. நாகப்பட்டினத்துக் குப்பம் ஒன்றில் ஒரு தாய் இருக்கிறாள். அன்று காலை அவள் இரண்டு குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஒரு கை மட்டும் நழுவிற்று. அப்படிப்பட்ட தாய்மார் அந்தக் கரையில் பலர் உண்டு. பெட்டிக் கடையில் தொங்கும் பத்திரிகையில் 'வசூல் சுனாமி' என்பதை அவள் படிக்க நேர்ந்தால்? அவளுடைய துக்கத்துக்கென்று உலகம் கொடுத்திருந்த ஒரே சொல்லையும் சினிமாக் கொட்டகைக்காரரிடம் வாடகைக்கு விட்டுவிட்டோமே! சொற்களை வீணாக்குவது வெறும் நடைக்குற்றமன்று. அது பிறர் துக்கத்தைப் பறிக்கும் குற்றமும் ஆகும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

முற்காலத்தில் இந்த வீண் செலவைத் தடுக்கத் தந்தி இலாகா இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை காசு. ஆகவே, யார், என்ன, எப்போது, புறப்பட்டு வா என்பதற்குமேல் யாரும் எழுதினதில்லை. அந்த நாலைந்து சொற்களைச் சேவகன் கொண்டுவந்து நீட்டுகையில், உறையைப் பிரிக்கும் முன்பே வீடு முழுவதும் வாசலுக்கு வந்துவிடும். இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தந்தி நிறுத்தப்பட்டது. இப்போது சொற்களுக்குக் காசு இல்லை. அதனால்தானோ என்னவோ, மதிப்பும் இல்லை.

பத்திரிகைகளையும் தொலைக்காட்சியையும் நாம் திருத்திவிடப் போவதில்லை. ஆனால் நம் வீட்டுப் பேச்சு நம் கையில் இருக்கிறது. காய்கறி விலையைக் கண்டு மலைக்கலாம். பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்த்து முகத்தில் ஈயாடாமல் நிற்கலாம். மாப்பிள்ளை சொல்லாமல் வந்து இறங்கினால் கை கால் ஓடாமல் தவிக்கலாம். இந்தச் சொற்களைக் குழந்தைகள் காதில் போட்டு வைத்தால் அவர்கள் அவற்றைக் காப்பாற்றுவார்கள். அன்றியும், என்றாவது ஒரு நாள் நாம் ஒவ்வொருவரும் யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, கேட்கக் கூடாத செய்தி ஒன்றைச் சொல்லத்தான் வேண்டியிருக்கும். அப்போது 'ஓர் அதிர்ச்சியான விஷயம்' என்று தொடங்கி அவர்களை வாசலில் நிறுத்திவைக்க வேண்டாம். உட்காரச் சொல்லுங்கள். போனவருடைய பெயரைச் சொல்லுங்கள். என்ன நேர்ந்தது என்பதைச் சின்னச் சொற்களில் சொல்லுங்கள். பிறகு பேசாமல் அருகில் இருங்கள்.